முள்கம்பி மல்யுத்தம்: கட்டுரையாளர் பார்க்காமல் விட்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜப்பான் பெண்கள் மல்யுத்தம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கயிற்றுக்குப் பதில் முள்கம்பி கட்டி, அதற்குள் பெண்களை மோதவிட்டு, ரத்தத்தைப் பார்த்துக் கைதட்டுகிற கூட்டம் என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் நெற்றியில் ரத்தம் வழிய ஒரு பெண்ணின் படம். அவர் பெயர் இல்லை. எந்த ஊர், எந்த வருடம், எதிரே நின்றது யார் என்பதும் இல்லை. பரிதாபத்துக்குரிய ஒருத்தி என்ற அளவில் கட்டுரை அவரை விட்டுவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கவாசாகியில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். எங்கள் இல்லத்துச் சமையற்கூடத்தில் இருக்கும் ஒரு அக்காதான் என்னை மல்யுத்தத்தின் பக்கம் இழுத்தவர். பள்ளிக்கூடக் காலத்தில் 'க்ரஷ் கேல்ஸ்' ஜோடியின் தீவிர ரசிகையாக இருந்தவர். விடுமுறை நாட்களில் அவரோடு டோக்கியோவின் கோராக்குவென் ஹாலுக்குப் போகப் போக எனக்கும் ஒட்டிக்கொண்டது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கிற ஒருத்தியின் கடிதம் இது.

முதலில் கயிற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் முள்கம்பி என்ன செய்கிறது என்பது புரியும். சாதாரண ரிங்கில் நாலு பக்கமும் மும்மூன்று கயிறுகள். பிடியில் மாட்டி வலியில் துடிக்கிறவர் எப்படியாவது ஊர்ந்து போய் அந்தக் கயிற்றைத் தொட்டுவிட்டால் எதிராளி பிடியை விட்டாக வேண்டும். அது விதி. தோள் இரண்டும் தரையில் அழுந்திக் கிடக்க, நடுவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு காலைத் தூக்கிக் கயிற்றின் மேல் போட்டாலும் போதும், எண்ணுவது நின்றுவிடும். மூச்சு வாங்கினால் சாய்ந்து நிற்பது கயிற்றில். ஓடிப் போய் முதுகால் மோதி, அந்த விசையில் திரும்பி வந்து அடிப்பதும் கயிற்றால். மொத்தத்தில் ரிங்கின் ஓரம் என்பது தோற்றுக்கொண்டிருக்கிறவருக்கு அடைக்கலம். பழகிய ரசிகர்கள், ஒருவர் பிடியில் சிக்கியதும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் விரல் நுனிக்கும் கயிற்றுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்றுதான் பார்ப்பார்கள்.

அந்தக் கயிறுகளை அவிழ்த்துவிட்டு அதே இடத்தில் முள்கம்பியை இழுத்துக் கட்டுகிறார்கள். இப்போது அடைக்கலம் இருந்த இடத்தில்தான் ஆபத்து. பிடியில் சிக்கியவர் எந்தப் பக்கம் ஊர்ந்து போவார்? நடுவில் எதிராளி, ஓரத்தில் முள். சாய இடமில்லை, ஓடித் திரும்ப வழியில்லை. பல வருடம் பயிற்சி எடுத்துக் காலுக்குப் பழக்கிய அத்தனை அடிகளும் அன்றைக்கு உதவாது. அதனால் இந்தப் போட்டிகள் நீங்கள் நினைப்பதைவிட மெதுவாகத் தொடங்கும். இரண்டு பேரும் நடுவில் நெருங்கி நிற்பார்கள். தலையைத் தலையோடு முட்டி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, அங்குலம் அங்குலமாகத் தள்ளுவார்கள். பின்னால் போகிறவர் திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் பிடி தளர்ந்துவிடும். ஆனாலும் கண் மட்டும் ஓரமாகப் போய் வரும். அந்தப் பார்வையை யாரும் சொல்லிக்கொடுத்து நடிக்க வைக்க முடியாது.

அப்புறம் ஒருவர் மற்றவர் கையைப் பிடித்துக் கம்பிப் பக்கமாகச் சுழற்றி விடுவார். போனவர் ஓட்டத்தை நிறுத்த முடியாமல் பாதி தூரத்திலேயே தரையில் விழுந்து, வயிற்றால் சறுக்கி, முள்ளுக்கு ஒரு சாண் முன்னால் போய் நிற்பார். அரங்கமே மூச்சை விடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். இரண்டாம் தடவையும் தப்பிவிடுவார். மூன்றாவது தடவை தப்ப மாட்டார் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும், தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறோம். நல்ல முள்கம்பிப் போட்டியின் உயிர் இந்தக் காத்திருப்பில் இருக்கிறது. ரத்தம் வருவது அதற்குப் பிறகு நடக்கும் சங்கதி. கட்டுரையாளர் அந்தப் பின்பகுதியின் படத்தை மட்டும் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் பெண்கள் மல்யுத்தம் என்றால் நெடுங்காலம் ஒரே நிறுவனம்தான்: 1968-ல் தொடங்கிய 'ஆல் ஜப்பான் விமென்ஸ்'. 1980-களின் நடுவில் சிகுசா நாகயோ, லயனெஸ் அசுகா இருவரும் சேர்ந்த க்ரஷ் கேல்ஸ் ஜோடிக்குப் பள்ளிச் சிறுமிகள் பைத்தியமாக இருந்தார்கள். 1985 ஆகஸ்ட் 28 அன்று ஒசாகாவில் நாகயோவும், வில்லியாக ஆடிய டம்ப் மட்சுமோட்டோவும் மோதினார்கள். தோற்றவர் தலை மொட்டையடிக்கப்படும் என்பது பந்தயம். நாகயோ தோற்றார். சங்கிலியால் கட்டி உட்காரவைத்து அவர் முடியை மழித்தபோது அரங்கம் நிறைய இருந்த சிறுமிகள் கதறி அழுத காட்சியை இன்றும் பார்க்கலாம். டிவியில் அதைப் பார்த்த எங்கள் அக்கா மறுநாள் பள்ளிக்குப் போக மறுத்துவிட்டாராம். அன்று முள்கம்பி எதுவும் இல்லை. முடியை எடுத்தது ஒரு கத்தரிக்கோலும் மழிக்கும் மெஷினும்தான். கூட்டத்தை அப்படி உலுக்கியது காயம் என்று யாரும் சொல்ல முடியாது. தங்களுக்கு வேண்டியவள் எல்லோர் முன்னாலும் ஒன்றை இழக்கிறாள், அதைத் தடுக்க நம்மால் முடியவில்லை என்ற தவிப்புதான் அது. பிறகு முள்கம்பிப் போட்டிகள் தொட்டதும் இதே நரம்பைத்தான்.

அந்த நிறுவனத்தின் கெடுபிடி கடுமையானது. மது கூடாது, புகை கூடாது, ஆண் நட்பு கூடாது. 25 வயதானால் விலகிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். 1986-ல் அங்கே ஒரே தொகுதியாக வந்தவர்களில் மெகுமி குடோ, காம்பாட் டொயோடா இருவரும் உண்டு. பிற்காலத்தில் பெரும் பெயர் எடுத்த அஜா காங்கும் அதே தொகுதி. குடோ இரண்டே வருடத்தில் வெளியே வந்து, குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் போய்விட்டார். டொயோடாவுக்கும் அங்கே இடம் நிலைக்கவில்லை.

இவர்களுக்கு இரண்டாவது வாசலைத் திறந்தது எஃப்.எம்.டபிள்யூ. முழங்கால் காயத்தால் ஒருமுறை ஓய்வு பெற்றிருந்த அட்சுஷி ஓனிதா 1989-ல் தொடங்கிய சின்ன நிறுவனம். பெரிய நிறுவனங்களிடம் இருந்த பணமோ டிவி ஒளிபரப்போ அவரிடம் இல்லை. அவர்கள் செய்யாததைச் செய்தால்தான் பிழைப்பு. 1990 ஆகஸ்ட் 4-ல் டோக்கியோ ஷியோதோமேயில் கயிறுகளை எடுத்துவிட்டு, தொட்டால் வெடிக்கும் முள்கம்பிக்குள் அவரும் டார்சான் கோதோவும் மோதினார்கள். அந்த வருடத்தின் சிறந்த போட்டியாக அது தேர்வானது. ஓனிதா செய்த இன்னொரு காரியத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. பெண்களைத் தனி நிறுவனத்தில் ஒதுக்கிவைக்காமல், ஆண்கள் ஆடும் அதே நிகழ்ச்சியில், அதே கூட்டத்துக்கு முன்னால் ஆடவைத்தார். 1990-ல் குடோ அங்கே வந்து சேர்ந்தார்.

ஆண்கள் கடைசிப் போட்டியில் முள்கம்பியில் விழுந்து கூட்டத்தை அழவைக்கிறார்கள். பெண்களோ அதற்கு முன்னால் ஆடிவிட்டு உடை மாற்றும் அறையிலிருந்து அதைப் பார்க்க வேண்டும். இதை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களை நினைத்துப் பாருங்கள். 'பெண்களை முள்கம்பிக்குள் தள்ளினார்கள்' என்று கட்டுரை சொல்கிறது. என் பார்வையில் அந்த இருவரும் கதவைத் தட்டிக்கொண்டு நின்றவர்கள்.

1996 மே 5. கவாசாகி ஸ்டேடியம். ஓனிதா முந்தைய வருடம் அதே மைதானத்தில் விடைபெற்றுப் போய்விட்டார். கூட்டத்தை இழுக்க நிறுவனத்துக்கு அவசரமாக ஏதாவது வேண்டும் என்ற வியாபாரக் கணக்கும் இதற்குள் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 33 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாக அறிவித்தார்கள். அன்று காம்பாட் டொயோடாவின் கடைசிப் போட்டி. எதிரே மெகுமி குடோ. கயிறு இல்லை, வெடிக்கும் முள்கம்பி. பெண்கள் அப்படி ஒரு போட்டியை ஆடியது அதுதான் முதல் தடவை.

இருவரும் பத்து வருடமாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரே வாசலில் நுழைந்து, ஒரே வாசலிலிருந்து வெளியேறி, இன்னொரு வாசலில் சந்தித்துக்கொண்டவர்கள். டொயோடா கனத்த உடம்பு, முரட்டு பலம். குடோ ஒல்லியானவர், பத்திரிகைகள் அழகி என்று கொண்டாடியவர். ஜப்பானிய மல்யுத்தத்தில் கடைசிப் போட்டிக்கு யாரைக் கூப்பிடுகிறோம் என்பது பெரிய விஷயம். டொயோடாவுக்குக் குடோவை விட்டால் வேறு யார் இருந்திருக்க முடியும்? அந்த நெருக்கம்தான் முள்கம்பியைப் பயங்கரமாக்கியது. பகையாளியை வெடியில் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சிநேகிதியைத் தள்ளியாக வேண்டும், மிச்சம் வைத்துத் தள்ளினால் அது அவளுடைய கடைசி நாளுக்குச் செய்யும் அவமரியாதை என்றால் என்ன செய்வது? குடோவின் முகத்தில் அந்தப் போட்டி முழுக்க ஓடியது இந்தக் கேள்விதான்.

எங்கள் அக்கா அன்று அந்த மைதானத்தில் இருந்தார். வெடிச் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் இடித்ததாம். அதைவிட அதற்குப் பின் வந்த புகையைத்தான் அவர் அடிக்கடி சொல்வார். ரிங்கே தெரியாமல் வெள்ளையாக மூடிவிட்டதாம். யார் எழுந்தார், யார் கிடக்கிறார் என்று தெரியாத அந்த நேரத்தில், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் கையை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தாராம். இரண்டு பேரும் கம்பியில் சிக்கி, இரண்டு பேரும் வெடியில் அடிபட்டார்கள். குடோ ஜெயித்தார். ஜெயித்தவரும் அழுதார், மைதானமும் அழுதது. அதே நிகழ்ச்சியில் டெர்ரி ஃபங்க், ஹயபுசா போன்ற பெரிய பெயர்கள் மோதிய ஆண்கள் போட்டி கடைசியாக நடந்தது. ஆனால் அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் அக்காவும் அவர் வயதுக்காரர்களும் பேசுவது இந்தப் போட்டியைத்தான்.

அடுத்த வருடம் குடோவின் முறை. 1997 ஏப்ரல் 29, யோகோஹாமா அரீனாவில் அவர் விடைபெற்றதும் வெடிக்கும் முள்கம்பிக்குள்தான். இந்த முறை எதிரே ஷார்க் சுச்சியா. எஃப்.எம்.டபிள்யூவின் கொடூர வில்லி, வருடக்கணக்கில் குடோவைத் துரத்தித் துரத்தி அடித்தவர். முள்கம்பிப் போட்டியில் வில்லியின் வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் ரெண்டு மடங்கு கஷ்டமான வேலையாகத் தெரிகிறது. கூட்டம் அவளை நெஞ்சார வெறுக்க வேண்டும். அதற்கு அவள் நாயகியின் முகத்தை முள்ளை நோக்கி மெதுவாக, மிக மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். சட்டென்று தள்ளிவிட்டால் விஷயம் முடிந்துவிடும், யாரும் எதையும் உணர மாட்டார்கள். அதே சமயம் கண்ணுக்குப் பக்கத்தில் முள் வருகிற அந்த இடத்தில் அவள் கை நடுங்கக் கூடாது. கடைசியில் அவளும் அதே முள்ளில் விழுந்தாக வேண்டும், அப்போது அழுகிறவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

கோராக்குவென் ஹாலில் நானே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சுயிதோபாஷி ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருக்கிற அரங்கம் அது. படிக்கட்டுச் சுவர் முழுக்க ரசிகர்களின் கிறுக்கல்கள். உள்ளே இரண்டாயிரம் பேருக்குள்தான் கொள்ளும். எங்கே உட்கார்ந்தாலும் உடம்பு தரையில் விழுகிற சத்தம் கேட்கும். அன்று பெண்கள் போட்டி ஒன்றில் முள்கம்பி சுற்றிய பலகையை மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். இளம் வீராங்கனை ஒருவர் அதன் மேல் முதுகால் விழுந்தார். எழ முயன்றபோது தலை வரவில்லை. பின்னல் முழுக்க முள்ளில் சிக்கியிருந்தது. இழுத்தால் பலகையும் கூடவே வருகிறது. நடுவர் மண்டியிட்டு ஒவ்வொரு இழையாக எடுக்கத் தொடங்கினார். ரிங்குக்குக் கீழே தடித்த கையுறை போட்டுக்கொண்டு நின்ற பயிற்சிப் பெண் ஒருத்தி கத்தரியை நீட்டினாள்.

அந்த நேரத்தில் எதிராளி என்ன செய்தார் தெரியுமா? சத்தம் போட்டுக்கொண்டு ரிங்கைச் சுற்றி வந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டித் திட்டினார், ஒரு நாற்காலியை எடுத்து ஓங்கித் தரையில் அடித்தார். கண்கள் அத்தனையும் அவர் மேல். அவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் நடுவரின் கையைப் பார்த்துக்கொண்டார். கடைசி இழை வெட்டப்பட்டு, நடுவர் தோளில் லேசாகத் தட்டிய பிறகுதான் திரும்பி வந்து அந்தப் பெண்ணின் தலைமுடியைப் பற்றித் தூக்கினார். பற்றியது வெட்டுப்படாத பக்கத்தை. அரங்கம் 'ஐயோ' என்றது. நான் என் வேலையை நினைத்தேன். படுக்கையிலிருந்து ஒருவரைத் தூக்கும்போது எந்தத் தோள் வலிக்கும் என்று முதலில் பார்த்துவிட்டு, மற்ற பக்கத்தில்தான் நாங்கள் கை வைப்போம். தன் எடையை இன்னொருத்தியின் கையில் முழுசாக விடுவதும், விட்டதைக் கீழே போடாமல் வாங்குவதும் லேசில் வருகிற விஷயம் கிடையாது.

முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதுதானே, எல்லாம் நாடகம்தானே என்று கேட்பார்கள். ஆமாம், யார் ஜெயிப்பது என்பது தீர்மானிக்கப்பட்டதுதான். இங்கே டிக்கெட் வாங்குகிற எல்லோருக்கும் அது தெரியும். முள் நிஜம். வெடியில் பெரும்பகுதி சத்தமும் வெளிச்சமும் புகையும் என்றாலும், பக்கத்தில் இருக்கிற தோலுக்குச் சூடு நிஜம். நிஜ முள்ளை வைத்துக்கொண்டு ஒரு கதையை அதன் முடிவுவரை கொண்டுபோக வேண்டும். பாதியில் வலி தாங்காமல் கோபம் வந்து எதிராளியைப் பதிலுக்கு நிஜமாகவே அடித்துவிடக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டைத்தான் நான் கலை என்கிறேன்.

அந்தக் கட்டுப்பாடு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஜப்பானில் சான்று இருக்கிறது. 2015 பிப்ரவரி 22, இதே கோராக்குவென் ஹால். ஸ்டார்டம் நிறுவனத்தின் சாம்பியன் பட்டப் போட்டியில் யோஷிகோ, ஆக்ட் யாசுகாவாவை நிஜமாகவே முகத்தில் குத்தத் தொடங்கினார். முள்கம்பி இல்லை, வெடி இல்லை, சாதாரண கயிறு கட்டிய ரிங். யாசுகாவாவின் கன்ன எலும்பும் மூக்கெலும்பும் உடைந்தன. அந்த வருட இறுதியிலேயே அவர் ஓய்வு பெற வேண்டியதாயிற்று. இன்னொன்று: எஃப்.எம்.டபிள்யூவின் ஆண் நட்சத்திரம் ஹயபுசா, எத்தனையோ முறை முள்கம்பியிலும் வெடியிலும் விழுந்து எழுந்தவர். 2001 அக்டோபர் 22 அன்று, அதுவும் கோராக்குவென் ஹாலில்தான், சாதாரண கயிற்றில் ஏறிப் பின்புறமாகப் பாயும்போது கால் வழுக்கித் தலைகீழாக விழுந்தார். கழுத்து முறிந்து உடம்பு செயலிழந்தது. 2016-ல் இறந்தும் போனார். முள்கம்பி பாதுகாப்பானது என்று நான் சொல்ல வரவில்லை. இவர்கள் கைகளிலும் முதுகிலும் இருக்கிற தழும்புகளைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முள் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்துகொண்டும் பார்த்திருக்கிறேன். ஆனால் மல்யுத்தத்தில் ஆளை முடக்குவது பெரும்பாலும் தவறிய ஒரு கால், தவறிய ஒரு நம்பிக்கை. படத்தில் அது தெரியாது, ரத்தம் மட்டும்தான் தெரியும்.

எனக்குப் பிடிக்காததும் இதில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மணி அடித்த முதல் நிமிடத்திலேயே முள்ளில் போய் விழுகிற போட்டிகளை நான் ரசிப்பதில்லை. டியூப் லைட்டுகளைக் கட்டுக்கட்டாக வைத்து உடைக்கிற போட்டிகளும் அப்படியே. உடைந்தது உடைந்ததுதான், அதில் காத்திருக்க என்ன இருக்கிறது? ரத்தத்தில் நனைந்த இளம்பெண்ணைப் படம் எடுப்பதற்கென்றே முன்வரிசையில் உட்காரும் சில ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே அரங்கில் இருப்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அழகி என்று பெயரெடுத்த ஒருத்தியின் முகம் கிழிவதைப் பார்க்கக் காசு கொடுக்கிற மனம் 1996-லும் இருந்திருக்கும். ஆனால் குடோ அந்த மனத்துக்குத் தீனி போட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. பத்திரிகை அட்டைகளில் மற்றவர்கள் விற்றுக்கொண்டிருந்த முகம் அது. அதை எங்கே, எதற்காக, யார் முன்னால் பணயம் வைப்பது என்று அவரே முடிவெடுத்தார்.

இன்றைக்கும் அப்படி முடிவெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரிசா செரா, சுசு சுசுகி, அகனே ஃபுஜிதா, மோச்சி மியாகி, குருமி ஹீராகி என்ற ஐந்து பேர் ஐஸ் ரிப்பன் நிறுவனத்திலிருந்து விலகி, 2022-ல் ப்ராமினன்ஸ் என்ற குழுவாகக் களம் இறங்கினார்கள். இப்படிப்பட்ட கடும் போட்டிகளை ஆடுவதற்கென்றே ஒன்றுசேர்ந்த பெண்கள். சுசு சுசுகி பிறகு ஸ்டார்டத்துக்குப் போய் 2023-ல் அங்கே பெரிய லீக் தொடரை வென்றார். முள் இல்லாத ரிங்கிலும் அவர் ஆட்டத்தில் ஒரு நிதானம் இருக்கிறது. எதிராளியைச் சட்டென்று தாக்காமல் ஒரு கணம் தாமதிப்பார், அந்த ஒரு கணத்தில் அரங்கம் முழுக்க அவர் கைக்குள் வந்துவிடும்.

ஆக, உங்கள் கட்டுரையாளருக்குப் பெண் மல்யுத்த வீராங்கனைகள் மேல் நிஜமாகவே அக்கறை இருந்தால், கோபப்பட வேறு இடம் இருக்கிறது. ஆல் ஜப்பான் விமென்ஸ் 1997-ல் திவாலானபோது, மாதக்கணக்கில் சம்பளம் வராமல் வீராங்கனைகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பதினைந்து, பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்து, வேறு தொழில் தெரியாமல், 25-ல் போய்வா என்று அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் முள்கம்பியைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் அதிகம். கழுத்து எலும்பு தேய்ந்த பிறகு சிகிச்சைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, அடிபட்டு ஆறு மாதம் படுத்துவிட்டால் வாடகை எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். இன்று ஆடிக்கொண்டிருக்கிறவர்களிடமும் ஓய்வு பெற்றவர்களிடமும் நேராகவே கேளுங்கள். போட்டி முடிந்ததும் பனியனும் படமும் விற்கும் மேஜைக்குப் பின்னால் அவர்களே உட்கார்ந்திருப்பார்கள், பேசுவார்கள். அப்படி ஒரு தொடர் எழுதுவதாக இருந்தால் ஜப்பானிய மொழிக்கு ஆள் தேட வேண்டாம். வேலை இல்லாத நாட்களில் நான் கூட வந்து பேசி, தமிழில் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி,
கவாசாகி, ஜப்பான்